2 கேபி நினைவகத்தில் ஒரு கெர்னல்: சிஹெச்32வி003-க்கு ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸைக் கொண்டுவந்த அனுபவம்

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் சிறு பட்டறையில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கான கட்டுப்பாட்டு போர்டுகளைச் செய்கிறோம். களக்காடு, நாங்குநேரிப் பக்கத்து வாழைத் தோட்டங்களில் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடியே மிஸ்டு கால் கொடுத்து ஓட வைப்பதும், மூன்று பேஸில் ஒன்று போனாலோ கிணறு வற்றினாலோ மோட்டாரை நிறுத்துவதும் அவற்றின் வேலை. கார்டெக்ஸ்-எம்0 வகைச் சிப் ஒன்றில், ஃப்ரீஆர்டிஓஎஸ் கெர்னலின் (டாஸ்க் எனப்படும் பல வேலைகளை ஒரே சிப்பில் மாற்றி மாற்றி ஓட வைக்கும் அடிப்படை மென்பொருள்) மேல் அவற்றை இயக்கும் நிரல் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. 2021-இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது ஒரே சிப்பை நம்பியிருக்க முடியாது என்பது தெளிவாகிவிட்டதால், பின்னர் சிஹெச்32வி003 என்ற விலை குறைந்த சிப்புக்கும் அதே நிரலைக் கொண்டுபோக முடிவு செய்தோம். "போர்டு மாறினது விவசாயிக்குத் தெரியவே கூடாதுடே" என்பது மட்டுமே பட்டறை அண்ணாச்சி விதித்த நிபந்தனை.

இந்தச் சிப்பில் 16 கேபி ஃபிளாஷும் 2 கேபி ராமும் உண்டு. வேகம் 48 மெகாஹெர்ட்ஸ். செயலியின் கரு ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்தின் ஆர்வி32இ வகை, அதாவது கணக்குக்கான எண்களைச் செயலி தனக்குள் வைத்துக்கொள்ளும் ரிஜிஸ்டர்கள் 32-க்குப் பதில் 16 மட்டுமே. பெருக்கலுக்கான கட்டளைகூடக் கிடையாது. மின்னழுத்தக் கணக்கில் வரும் ஒவ்வொரு பெருக்கலையும் கம்பைலர் ஒரு துணை நிரலாக மாற்றிவிடும். எங்கள் பயன்பாட்டுக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டல்ல.

கெர்னலின் பெரும்பகுதி எந்தச் சிப்புக்கும் பொதுவான சி மொழி நிரல். அதைத் தொடவே தேவையில்லை. மாற்ற வேண்டியவை டிக் டைமரை (கெர்னலுக்குச் சீரான இடைவெளியில் நேரம் சொல்லும் கடிகாரம்) அமைப்பது, இன்டரப்ட்டை (ஓடும் நிரலை இடைமறித்து வேறொன்றைக் கவனிக்க வைக்கும் அழைப்பு) மூடித் திறப்பது, ஒரு டாஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது ஆகிய மூன்றுதான். முதலிரண்டும் விரைவிலேயே முடிந்தன. ரிஸ்க்-ஃபைவுக்கென ஏற்கெனவே உள்ள போர்ட் (கெர்னலைச் சிப்போடு பொருத்தும் பகுதி), எம்டைம் என்ற 64 பிட் டைமரை எதிர்பார்க்கிறது. இந்தச் சிப்பில் அது இல்லை, பதிலாக சிஸ்டிக் என்ற 32 பிட் டைமர் இருக்கிறது. ஒப்பீட்டு ரிஜிஸ்டரில் 47,999 என எழுதி, தானாக மீண்டும் தொடங்கும் பிட்டையும் வைத்துவிட்டால் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு டிக் வந்துவிடும். இன்டரப்ட்டுக்குள் நிலைக்கொடியை (டைமர் எண்ணி முடித்ததைக் காட்டும் பிட்) அழிப்பது மட்டும் கட்டாயம். அழிக்காவிட்டால் வெளியே வந்த மறுகணமே மறுபடி உள்ளே போய்விடும்.

டாஸ்க் தாவுவதில்தான் உண்மையான வேலை இருந்தது. இதுவரை ஒருமுறையும் ஓடாத ஒரு டாஸ்க்கை, ஓடிக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்தப்பட்டதுபோலக் காட்ட வேண்டும். அதற்காக அதன் ஸ்டாக்கின் (தற்காலிக மதிப்புகளை அடுக்கி வைக்கும் நினைவகப் பகுதி) உச்சியில் போலியான ஒரு சட்டகத்தை, அதாவது சேமித்த ரிஜிஸ்டர் மதிப்புகளின் அடுக்கைக் கட்டுகிறோம்: திரும்ப வேண்டிய முகவரியை வைக்கும் எம்இபிசி இடத்தில் டாஸ்க் செயற்கூறின் முகவரி, செயலியின் நிலையை வைக்கும் எம்ஸ்டேட்டஸ் இடத்தில் 0x1880, ஏ0 ரிஜிஸ்டரின் இடத்தில் அதற்கான அளபுரு. இன்டரப்ட்டிலிருந்து திரும்பும் எம்ரெட் கட்டளை முதல்முறை நடக்கும்போது இன்டரப்ட் தானே திறந்துகொள்ள வேண்டும் என்பதற்குத்தான் அந்த 0x1880. டீபக்கரில் நினைவகத்தைத் திறந்து பார்த்தால், கெர்னல் முன்கூட்டியே நிரப்பி வைத்த ஏ5ஏ5ஏ5ஏ5 வரிசைகள் முடியும் இடத்தில் இந்த எண் தனியாகத் தெரியும். அது இருக்க வேண்டிய ஆஃப்செட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மேற்கொண்டு நகர்ந்தேன்.

பொதுவான ரிஸ்க்-ஃபைவ் போர்ட்டில் டாஸ்க் மாற, நிரல் தன்னைத்தானே இடைமறித்துக்கொள்ளும் ஈகால் கட்டளை பயன்படுகிறது. நான் அதை விட்டு, சிஸ்டிக் கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரின் 31-ஆம் பிட்டால் எழுப்பப்படும் மென்பொருள் இன்டரப்ட்டை எடுத்துக்கொண்டேன். கார்டெக்ஸில் பென்ட்எஸ்வி என்ற இன்டரப்ட் செய்யும் அதே வேலை. இன்டரப்ட் மூடியிருக்கும் வேளையில் மாற்றக் கோரிக்கை வந்தால், அது திறக்கும்வரை காத்திருக்கும். ஆகவே மூடல்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு டாஸ்க்கின் சட்டகத்திலும் சேமிக்க வேண்டியதில்லை, பொதுவான ஒரு மாறியே போதும். 12 ரிஜிஸ்டர்கள், எம்இபிசி, எம்ஸ்டேட்டஸ் என்று சட்டகம் 56 பைட்டில் முடிந்தது. 2,048 பைட்டுக்குள் குடித்தனம் நடத்துகிறவனுக்கு அந்த எண்ணிக்கையை விட்டதில் டாஸ்க்குக்கு நான்கு பைட் மிச்சமானதும் பெரிதுதான்.

இந்தச் சிப் இன்டரப்ட்டுக்குள் நுழையும்போது சில ரிஜிஸ்டர்களை வன்பொருளே சேமித்து, திரும்பும்போது மீட்டுத் தரும் வசதி ஒன்று இருக்கிறது; மாதிரித் தொடக்கக் கோப்பு 0x804 என்ற கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரில் 3 என எழுதி, அதையும் இன்டரப்ட்டுக்குள் இன்டரப்ட் நுழைவதையும் சேர்த்தே இயக்கிவிடுகிறது. சாதாரண நிரலுக்கு இது நல்ல உதவி. ஆனால் நாம் உள்ளே போனது ஒரு டாஸ்க்கின் ஸ்டாக்கோடு, வெளியே வருவது இன்னொன்றின் ஸ்டாக்கோடு. இடையில் யார் எதை எங்கே வைத்தார்கள் என்பது முழுவதும் நம் கையில் இருந்தாக வேண்டும். எனவே அந்த இடத்தில் 0 எழுதி இரண்டையும் அணைத்தேன். இன்டரப்ட்டுக்கென்று தனி ஸ்டாக் ஒன்றை வைத்து எல்லா இன்டரப்ட்டுகளையும் அங்கே மாற்றிவிட்டதால், ஒவ்வொரு டாஸ்க்கின் ஸ்டாக்கும் அதன் சொந்த ஆழத்துக்கும் அந்த 56 பைட்டுக்கும் மட்டும் இடம் கொடுத்தால் போதுமானதாயிற்று.

சோதனைக்கு விளக்கைச் சிமிட்டிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரிஜிஸ்டர் ஒன்று கெட்டுப் போயிருந்தாலும் எல்இடி பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு டாஸ்க்குகளை அசெம்பிளியில் எழுதி, ஒவ்வொன்றும் தனக்குரிய எண்களை எல்லா ரிஜிஸ்டர்களிலும் நிரப்பிச் சுற்றிச் சுற்றிச் சரிபார்க்கும்படியும், ஓர் எண் மாறினாலும் சிப்பின் கால்களில் ஒன்றை, அதாவது ஒரு பின்னை உயர்த்திவிட்டு நின்றுவிடும்படியும் அமைத்தேன். அதோடு ஜிஎஸ்எம் மாட்யூலின் (போர்டில் உள்ள மொபைல் பகுதி) யூஆர்ட் என்ற தொடர் இணைப்பிலும் இடைவிடாது எழுத்துகளை அனுப்பி, இரவு முழுவதும் ஓட விட்டேன். அந்தப் பின் உயரவே இல்லை.

அதன் பிறகே மின்னழுத்தம் பார்ப்பது, ஜிஎஸ்எம்மோடு பேசுவது, ரிலேயை இயக்குவது என்ற மூன்று டாஸ்க்குகளையும் ஏற்றினேன். எல்லாவற்றுக்கும் நினைவகத்தை முன்கூட்டியே நிலையாக ஒதுக்கி வைத்திருப்பதால், ராம் போதாவிட்டால் நிரல் பகுதிகளைக் கோத்துத் தரும் லிங்கரே மேசையில் சொல்லிவிடும். தோட்டத்தில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஸ்டாக்கில் தொடப்படாத ஏ5 எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் கெர்னல் செயற்கூறைக் கொண்டு ஸ்டாக் அளவுகளைக் குறைத்தபோது, ஜிஎஸ்எம் டாஸ்க்கே அதிகம் தின்பது தெரிந்தது; குறுஞ்செய்தியைப் பிரித்துப் படிக்க அது தன் ஸ்டாக்கில் வைத்திருந்த பஃபரை வெளியே எடுத்து, யூஆர்ட் பஃபரையே அதற்கும் பயன்படுத்திக்கொண்டோம்.