விக்டோரியாவின் கல்யாண லேஸ்
இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஹானிடன் லேஸ் என்று ஒன்று உண்டு. ரோஜா, இலை, பெரணி, பட்டாம்பூச்சி என ஒவ்வொன்றையும் தனித்தனியாக, திண்டில் குத்திய குண்டூசிகளைச் சுற்றி, சின்ன மரக் குச்சிகளில் சுற்றிய நூலை முறுக்கியும் குறுக்கே மாற்றியும் பின்னி, அப்புறம்தான் வலைத்துணியில் வைத்துத் தைப்பார்கள். மெஷின் லேஸ் வந்து இதைப் பின்னும் பெண்களின் பிழைப்பு படுத்திருந்த நேரத்தில், 1840-ல் நடந்த தன் கல்யாணத்துக்கு விக்டோரியா மகாராணி இதைத்தான் கேட்டார். பீர் என்ற கடலோரக் கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 200 பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தார்கள். முடிந்ததும், வேறு யாரும் அதேபோல் செய்துவிடக் கூடாது என்று அந்த லேஸின் டிசைன் வரைபடங்களை அழித்துவிட்டார்களாம். ராஜ குடும்பத்துப் புத்தி! எனக்கு இன்னும் ஆறவில்லை.