கடுகு வெடிக்கிற சத்தம்

3 மார்ச் 2025, திங்கள், பழங்காநத்தம்

நரம்பியல் ஆய்வாளர் புஸாகியின் குழு பொதுவில் வைத்திருக்கும் பதிவு ஒருவழியாக இறங்கி முடிந்தது. எலி மூளையில் நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸில் எடுத்த மின்பதிவு அது. நான்கு மெல்லிய கம்பிகளை முறுக்கிய டெட்ரோடு வெளியிலிருந்து கேட்டது. அதே நேரம், பக்கத்து நரம்பணு ஒன்றின் உள்ளேயே ஒரு கண்ணாடி எலக்ட்ரோடு இருந்தது. அந்த ஒரு செல்லுக்கு மட்டும் விடைத்தாள் உண்டு. எந்தத் துடிப்பு எந்த செல்லுடையது என்று பிரித்து முடிக்கும்வரை அதைத் திறக்கமாட்டேன்.

300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "அடுப்பு பத்தவைக்காம கடுகு வெடிக்குதே!" என்று அம்மா வந்து நின்றாள். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு ஸ்பைக், அதாவது ஒரு நரம்பணு "சுடுகிற" மின்துடிப்பு, ஏறக்குறைய ஒரு மில்லி நொடி என்றேன். "எலிக்கு வலிச்சிருக்குமாடி?" மயக்கத்தில் இருந்ததும்மா என்றேன். அந்தக் கேள்வி இரவெல்லாம் கூடவே இருந்தது. இந்தப் பதிவில் ஒரு நொடியையும் வீணாக்கக் கூடாது.

5 மார்ச், புதன்

எந்த உயரத்தில் கோடு போட்டு, அதற்கு மேல் இருப்பதை ஸ்பைக் என்று எடுப்பது? பதிவின் திட்டவிலக்கத்தை நம்பினால், செல் அதிகம் சுடும்போது அதுவும் ஏறிவிடுகிறது. கோடும் கூடவே ஏறுகிறது. நரம்பியல் ஆய்வாளர் கியான் கிரோகாவும் சகாக்களும் 2004இல் சொன்ன வழிக்கு வந்தேன்: கூட்டல், கழித்தல் குறி நீக்கிய மதிப்புகளின் இடைநிலையை (வரிசையில் நடுவில் நிற்பதை) 0.6745ஆல் வகுத்து, அதைப்போல் நான்கு மடங்கு. கோடு நிலையாக நின்றது.

7 மார்ச், வெள்ளி

ஒரே மாதிரி ஸ்பைக்குகளை மெஷின் சேர்த்ததில் ஐந்து குழு வந்தது, குழுவுக்கு ஒரு செல் என்று கணக்கு. இரண்டாவதும் நான்காவதும்தான் உறுத்தல். நான்கு கம்பியிலும் உயர விகிதம் ஒன்றுதான். நான்காவது மட்டும் குட்டையாக, கொஞ்சம் அகலமாக. உருவத்தை வைத்து இரண்டு செல் என்கிறது மெஷின்.

நேரத்தைப் பார்த்தேன். குட்டை எப்போதும் நெட்டைக்குச் சில மில்லி நொடி பின்னால்தான் வருகிறது. முன்னால் வருவதே இல்லை. இரண்டுக்கும் இடையே 2 மில்லி நொடிக்குக் குறைந்த இடைவெளி ஒன்றுகூட இல்லை. சுட்ட செல் அதற்குள் மறுபடி சுட முடியாது. தனித்தனி செல் என்றால் எப்போதாவது ஒட்டி விழுந்திருக்கும். இது ஒரே செல்தான், அடுத்தடுத்துச் சுடுகிறது. ஸ்பைக்கைக் கிளப்பும் சோடியம் வாயில்கள் (செல் சவ்வில் சோடியத்தை உள்ளே விடுபவை) முழுக்க மீள்வதற்குள் அடுத்தது கிளம்புவதால் உயரம் குறைகிறது. இரண்டையும் சேர்த்துவிட்டேன். சேர்க்கும்போது கை நடுங்கியது. தப்பென்றால் இரண்டு செல்லைக் கலந்து இல்லாத ஒரு செல்லை நான் உண்டாக்கியிருப்பேன்.

9 மார்ச், ஞாயிறு

விடைத்தாளைத் திறந்தேன். ஒரே செல்தான்! அம்மா மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள், ஓடிப்போய்ச் சொன்னேன்.

ஆனால் அடுத்தடுத்துச் சுடுகிற இடங்களில் மூன்றாவது ஸ்பைக் பலதும் விட்டுப்போயிருக்கிறது. என் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது. கோட்டை இறக்கினால் இரைச்சல் ஏறி வருகிறது. இரண்டு செல் ஒரே கணத்தில் சுட்டவையும் எந்தக் குழுவிலும் சேராமல் கிடக்கின்றன. இனி கோட்டை நம்பாமல், செல்லின் சராசரி உருவத்தைப் பதிவு முழுக்கப் பொருத்திப் பார்க்கணும், பொருந்தியதைக் கழித்துவிட்டு மிச்சத்தில் மறுபடி தேடணும். ஸ்பைக் பிரிக்கும் மென்பொருளான கிலோசார்ட்டின் அடிப்படையும் இதுதான். முதல் ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் போகாமல் இருக்கணும்.