குச்சவெளிக் கரையில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று

சிவராத்திரிக்குத் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போவது வீட்டார் எடுத்த முடிவு. அடுத்த நாள் அமாவாசை இரவில் குச்சவெளிக் கடற்கரையில் இருப்பது நான் எடுத்த முடிவு. வவுனியாவில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். காமாக் கதிரைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியாயிற்று. அது வானில் எழுப்பும் ஒளி விழுகிற வெளியில், விழுகிறதென்று தெரிந்துகொண்டு, ஒருநாளும் இருந்ததில்லை.

கோயிலில் நல்ல சனம். கோயில் இருக்கும் கோட்டைக்குள் மான்கள் கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன. கண்விழித்த களைப்போடு மறுநாள் காலை நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகேறினோம். பைபர் படகின் பின்பக்கம் இருந்த எனக்குக் கிடைத்தது அன்றைய முதல் பாடம். படகு அலையைவிட வேகமாக ஓடுவதால், அது எழுப்பும் அலைகள் அதை முந்த முடியாமல் இருபுறமும் ஒன்றுசேர்ந்து, ஏர்முனைபோல் விரிந்து வந்தன. துகளொன்று காற்றிலோ நீரிலோ ஒளியை முந்தும்போது எழும் செரென்கோவ் ஒளிக்கு வகுப்பில் நான் கீறிக் காட்டும் படம் அப்படியே கடலில் கிடந்தது.

பின்னேரம் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிக் குச்சவெளிக்குப் போனோம். அங்கே என் மாமா கடற்றொழில் செய்கிறார். நிலாவெளி ஹொட்டல்களின் வெளிச்சம் தெற்கே அடிவானத்தில் ஒரு மங்கல் மட்டுமே. ஏழரை மணிக்குப் பிறகு நல்ல இருட்டு. போனை அணைத்துவிட்டு, கரையில் ஏற்றி வைத்த படகோரம் இருந்தோம். ஆறாமீன் தலைக்கு மேல் சற்று மேற்கே சரிந்திருந்தது. ரோகிணி சிவப்பாய் எரிந்தது. இடபத்தின் கொம்பு நுனியை மாமாவுக்குக் காட்டினேன். நண்டு நெபுலா அதற்குப் பக்கத்தில்தான். வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

"தெரியாத ஒண்டப் பாக்கவோ பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனி?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். அந்த இடத்தில் வெடித்துப்போன ஒரு விண்மீனின் மிச்சம் விநாடிக்கு முப்பது தரம் சுழல்கிறது. அங்கிருந்து 6,500 ஒளியாண்டு கடந்து வரும் காமாக் கதிர்களில் சில, கண் காணும் ஒளியைவிட ஏறத்தாழ அரை இலட்சம் கோடி மடங்கு சக்தி கொண்டவை. அவை நிலத்துக்கு வந்து சேர்வதில்லை. மேலே காற்றில் மோதி ஓர் இலத்திரனும் அதன் எதிர்த்துகளான ஒரு பொசித்திரனுமாகப் பிரியும். அவை மறுபடி காமாவைப் பிறப்பிக்கும், அது மறுபடி பிரியும். பத்துக் கிலோமீற்றர் உயரமளவில் அந்தத் துகள் மழை உச்சத்துக்கு வந்து, பிறகு ஓய்ந்துவிடும். ஆனால் காற்றுக்குள் ஒளி செல்லும் வேகத்தையும் அந்தத் துகள்கள் முந்துவதால், காலையில் பார்த்த படகு அலையைப் போல செரென்கோவ் ஒளி என்ற ஒரு நீல ஒளி கிளம்பி நிலம்வரை வந்துவிடும். நிலத்தில் ஏறத்தாழ 120 மீற்றர் ஆரையுள்ள வட்டமாக அது விழும். அந்த அரை இலட்சம் கோடி மடங்குக் கதிருக்கு, ஒரு சதுர மீற்றரில் சுமார் 100 போட்டன்கள், அதாவது ஒளித்துகள்கள். எல்லாம் ஒரு சில நனோ செக்கனில் முடிந்துவிடும். கண் அதைப் பிடிக்காது. வெள்ளிகளின் வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

அந்த வட்டம்தான் இந்த வேலையின் உயிர். விண்வெளியில் ஒரு சதுர மீற்றர் கருவியை வைத்தால், நண்டிலிருந்து இவ்வளவு சக்தியுள்ள ஒரு கதிரைப் பிடிக்க ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். வட்டத்துக்குள் எங்கே நின்றாலும் அந்த ஒளி படுவதால், நிலத்தில் வைத்த தொலைநோக்கிக்கு அந்த வட்டம் முழுவதும் வலைதான். கணக்குப் பார்த்தேன்: நண்டு உச்சிக்கு அருகே நிற்கும்போது, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று.

இதைப் பிடிக்கலாமென்று முதலில் காட்டிய கருவி, ஒரு குப்பைத் தொட்டிக்குள் வைத்த 25 சென்ரிமீற்றர் ஆடி. இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கல்பிரெய்த், ஜெல்லி என்ற இருவர் செய்து, 1953 இல் அறிவித்தது. விண்ணிலிருந்து வந்து காற்றில் மோதும் புரோத்தன்களும் இதே மாதிரி ஒளியைப் பலமடங்கு அதிகமாகத் தருவதால், காமாவைப் பிரித்தெடுப்பது பெரும்பாடாய்ப் போயிற்று. தொலைநோக்கியில் விழும் காமாவின் படம் ஒல்லியான நீள்வட்டம், புரோத்தனின் படம் சிதறல். அந்த வேறுபாட்டை 1985 இல் பௌதிகவியலாளர் ஹில்லஸ் கணக்கிட்டுக் காட்டினார். 1989 இல் அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி, பத்து மீற்றர் ஆடியோடு நண்டைப் பிடித்தது. முப்பத்தாறு வருடம்! அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இன்று நமீபியாவில் ஹெஸ், லா பல்மாவில் மாஜிக், லடாக்கின் ஹான்லேயில் 21 மீற்றர் ஆடியோடு மேஸ். எல்லாம் பெரும்பாலும் நிலவில்லா இரவுகளை நம்பி வேலை செய்பவை.

மாமா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "சண்டைக் காலத்துல இந்த வானத்துல வெளிச்சம் விழுந்தா அது பரசூட்டில இறங்குற பரா லைட். பங்கருக்குள்ள ஓடுவம். நீ வெளிச்சம் விழட்டுமெண்டு இருக்கிறாய்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவரே பேச்சை மாற்றினார். அந்த விண்மீன் வெடித்தது எப்போது என்று கேட்டார். 1054 ஆடியில் சீனர்கள் பார்த்து எழுதி வைத்தார்கள், 23 நாள் பகலிலும் தெரிந்தது என்றேன். அப்போது திருகோணமலை சோழர் ஆட்சியில் இருந்தது. ஆடி இங்கே சோளகக் காலம், மழை குறைவு. அந்த நாட்களில் இடபம் விடியுமுன் கிழக்கே எழும். கிழக்கென்றால் எங்களுக்குக் கடல். வலை இழுக்க எழும்பிய யாரோ இந்தக் கரையில் நின்று, அந்தப் புது வெள்ளி தண்ணீருக்கு மேலே வருவதைப் பார்த்திருக்க வேண்டும். இதை நான் மனதார நம்புகிறேன்.

ஒன்பதரை மணியாயிற்று. மாமி புட்டும் மீன் சொதியும் வைத்துக் காத்திருந்தா. மாமா எழும்பி மண்ணைத் தட்டிவிட்டு, அந்த வட்டம் எதுவரைக்கும் என்று கேட்டார். படகிலிருந்து வடக்கே கைநீட்டி, "அந்த மீன்வாடி வரைக்குமோ?"

"ஓம் மாமா. அதுக்கும் அங்கால."

"அப்ப எங்கட வாடியும் நனையுது" என்று சொல்லிக்கொண்டு, டோர்ச்சைப் போடாமலே முன்னால் நடந்தார்.