பியூட்டிஃபுல் போதாத இடங்கள்

பள்ளியில் ஆங்கிலக் கட்டுரை எழுதிய காலத்தில் நம் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே சொல்: பியூட்டிஃபுல். பூவும் பியூட்டிஃபுல், மலையும் பியூட்டிஃபுல், ஆசிரியரின் கையெழுத்தும் பியூட்டிஃபுல். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் படிப்பவர் கண்முன் எதுவும் வந்து நிற்காது. வேலையும் நட்பும் ஆங்கிலத்தில் நடக்கும் இன்றும் நம்மில் பலர் அந்தச் சொல்லை விட்டு நகரவில்லை. நகர்ந்தவர்களோ ஒத்த பொருளுள்ள சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸைப் புரட்டி கார்ஜஸ், ஸ்டன்னிங், பிரெத்டேக்கிங் என்று பெரிய சொற்களாகப் பிடிக்கிறார்கள். தேட வேண்டியது பெரிய சொல்லை அல்ல, பொருள் குறுகிய சொல்லை.

ப்ரிட்டி என்பது சிறிய அளவிலான, மென்மையான அழகு. பூப்போட்ட துணிக்கும் சிறு தோட்டத்துக்கும் பொருந்தும். மலைத்தொடருக்கு வைத்தால் மலை சுருங்கிவிடும். ஹேண்ட்சம் ஆணுக்கு மட்டுமே உரியது என்று படித்தோம். ஆனால் எடுப்பான முகமும் கம்பீரமும் உள்ள, பெரும்பாலும் வயதில் மூத்த பெண்ணுக்கும் அது வரும். கட்டடத்துக்கும் தாராளமான தொகைக்கும் அதே சொல்தான். சார்மிங் பழகும் விதத்தைச் சொல்கிறது, எக்ஸ்க்விசிட் நுணுக்கமான வேலைப்பாட்டை. எலிகன்ட் என்றால் மிகையில்லாத நேர்த்தி. அதனால்தான் கணிதத் தீர்வையும் எலிகன்ட் என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்ட்ரைக்கிங். ஒருவர் அழகு என்று அது உறுதி கூறுவதில்லை. பார்வையை நிறுத்திவிடுவார் என்கிறது. வழக்கமான இலட்சணங்களுக்குள் அடங்காத, ஒருமுறை பார்த்தால் மறக்காத முகத்துக்கு இதைவிட நேர்மையான சொல் கிடைப்பது அரிது.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘ஷி இஸ் எ பியூட்டிஃபுல் டான்ஸர்.’ ஆடுபவர் அழகா, ஆட்டம் அழகா? இரண்டு பொருளும் வரும். அசைவைச் சொல்ல வேண்டுமானால் கிரேஸ்ஃபுல் டான்ஸர் என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது. ‘ஷி டான்ஸஸ் பியூட்டிஃபுலி’ என்றாலும் சரி. முகத்தைச் சொல்ல வேண்டுமானால் ஆட்டத்தோடு ஒட்டாமல் தனி வாக்கியத்தில் சொல்லுங்கள். அதிலும் கண், புருவம், சிரிப்பு என எது கண்ணில் பட்டதோ அதைப் பெயர் சொல்லி எழுதினால் பல நேரம் உரிச்சொல்லே தேவைப்படாது.

அடிக்கடி சறுக்கும் இடங்கள் சில. கார்ஜஸ், ஸ்டன்னிங் இரண்டிலும் உச்சம் உள்ளேயே இருப்பதால் முன்னால் வெரி ஒட்டாது, அப்சல்யூட்லி ஒட்டும். லவ்லி ‘லி’யில் முடிந்தாலும் உரிச்சொல்தான், ஆகவே ‘ஷி சிங்ஸ் லவ்லி’ தவறு. சீனரி பன்மை ஏற்காது. சீனரீஸ் என்று எழுதாதீர்கள். உரிச்சொற்களை அடுக்கும்போது அபிப்பிராயம் முதலில், அளவு அடுத்து, நிறம் பிறகு: பியூட்டிஃபுல் பிக் பிரவுன் ஐஸ். இந்த வரிசை மாறினால் வாக்கியம் உடனே அந்நியமாக ஒலிக்கும்.

நாடு மாறினால் பொருளும் மாறுவதை வெளிநாட்டில் இருக்கும் நாம் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஹோம்லி என்று பிரிட்டனில் ஒரு வீட்டைச் சொன்னால் பாராட்டு; அமெரிக்காவில் ஒருவரைச் சொன்னால் அழகில்லாதவர் என்று பொருள், மனம் புண்படும். ஸ்மார்ட் பிரிட்டனில் நேர்த்தியான உடையையும் குறிக்கும், அமெரிக்காவில் பெரும்பாலும் அறிவை மட்டுமே. க்யூட் குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் நல்லது. அலுவலகத்தில் சக ஊழியரைச் சொன்னால் அவரை மட்டம் தட்டியதாகவோ வழிந்ததாகவோ படும்.

தெசாரஸ் இந்த வேறுபாடுகளைப் பெரும்பாலும் காட்டாது; ஸ்லிம், தின், ஸ்கின்னி மூன்றையும் ஒரே வரியில் போட்டுவிடும். ஸ்லிம் பாராட்டு, தின் வெறும் விவரம், ஸ்கின்னி பெரும்பாலும் குறை. ஆகவே அங்கே கிடைத்த சொல்லை ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதி ஒன்றில் தேடி, இன்ஃபார்மல், லிட்டரரி, அப்ரூவிங், டிஸ்அப்ரூவிங் என்று பக்கத்தில் இருக்கும் குறிப்பையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படித்த பிறகே எழுதுங்கள்.