வலி போயிற்று, நொண்டல் போகவில்லை

முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வுக்கு ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது வாரம். வலி மாத்திரையை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நன்றாகவே நடக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் என் போனை வாங்கி, நான் நடப்பதைப் பக்கவாட்டில் நின்று வீடியோ எடுத்துக் காட்டினார். பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது. இடது கால் கட்டை மாதிரி விறைப்பாக இறங்குகிறது. அதன் மேல் எடை விழுந்ததுமே அவசரமாக வலது காலுக்குத் தாவிவிடுகிறேன். துளி வலி இல்லை. ஆனாலும் நொண்டிக்கொண்டிருந்தேன்.

விளையாடும்போது காலை ஊன்றித் திரும்பியதில் முட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். எம்ஆர்ஐ எடுத்தார்கள், முன்பக்க ஜவ்வான அந்த ஏசிஎல் முழுதாக அறுந்திருந்தது. பின்தொடையிலிருந்து தசைநார் எடுத்து, எலும்பில் துளை போட்டு, புது ஜவ்வாகப் பொருத்தினார்கள். அந்தப் பகுதி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குச் சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது.

மறுநாள் காலையில் “தொடையை இறுக்குங்க” என்றார்கள். இறுக்க நினைத்தேன், எதுவும் அசையவில்லை. நேற்றுவரை என் சொல் கேட்ட தசை அது. முட்டிக்குள் நீர் கோத்து வீங்கியிருந்தால் நரம்பு மண்டலமே முன்தொடைத் தசையை அடக்கி வைத்துவிடும், இது சோம்பலோ பயமோ இல்லை என்று பிசியோ விளக்கிய பிறகுதான் மனம் கொஞ்சம் அடங்கியது. ஐஸ் வைப்பது, காலை உயர்த்தி வைப்பது, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து முட்டியைக் கீழே அழுத்துவது. முதல் இரண்டு வாரம் இதுதான் வேலை.

அதில் ஒரு தப்பு செய்தேன். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாக இருந்தது, அப்படியே தூங்கினேன். பிசியோ பார்த்ததும் தலையணையை உருவி எடுத்துவிட்டார். முட்டி மடங்குவது மெதுவாக வந்துவிடும், முழுதாக நீள்வதுதான் முதலில் வர வேண்டும் என்றார். நீட்டாமலே விட்டால் மூட்டின் முன்பக்கம் தழும்புத் திசு வளர்ந்து வழியை அடைத்துவிடக்கூடும். அப்புறம் எவ்வளவு பயிற்சி செய்தாலும் கால் நேராவது கஷ்டம். நீளாத காலில் நேரான நடை வராது.

இன்னொரு தப்பு, ஊன்றுகோல். இரண்டிலிருந்து ஒன்றுக்கு வந்ததும் அதை ஆபரேஷன் ஆன பக்கமே பிடித்தேன். எதிர்க் கையில்தான் பிடிக்க வேண்டும். மூன்றாவது வாரம் அந்த ஒன்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். பெருமையாகவும் இருந்தது. நொண்டாமல் நடக்க முடிகிற அன்றைக்குத்தான் அதை விட வேண்டும், அதை நாள் கணக்கு வைத்து முடிவு செய்யக்கூடாது என்று பிறகு தெரிந்தது. அந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான தடவை நொண்டிப் பழகியிருக்கிறேன். உடம்பு அதையே நடை என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

சாதாரண நடையில் முட்டி என்ன செய்கிறது என்று அதுவரை யோசித்ததே இல்லை. குதிகால் தரையில் படும்போது கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும். எடை ஏறும்போது முட்டி 15 முதல் 20 டிகிரி வரை மடங்கிக்கொடுக்கும். முன்தொடை அதைத் தாங்கிப் பிடிக்கும். பிறகு நேராகும். கால் காற்றில் முன்னே வரும்போது சுமார் 60 டிகிரி மடங்கும். என் காலில் அந்த முதல் மடக்கு காணாமல் போயிருந்தது. தொடைக்குப் பலம் போதாததால் அந்த வேலையே வராதபடி உடம்பு முட்டியை விறைத்து வைத்துக்கொண்டது. வலி போனாலும் அந்த ஏற்பாடு தானாகக் கலைவதில்லை.

ஒன்பதாவது வாரத்திலிருந்து நடையைப் புதிதாகப் படித்தேன். எடை பார்க்கும் மெஷின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு காலாக ஏறி நிற்கச் சொன்னார் பிசியோ. சமமாக நிற்கிறேன் என்று நான் நினைத்தபோது இடது பக்கம் 9 கிலோ குறைவாகக் காட்டியது! கண்ணை மூடி நின்றால் இன்னும் மோசம். அறுந்த ஜவ்வில் கால் இருக்கும் நிலையை மூளைக்குச் சொல்கிற நரம்பு முனைகளும் இருந்தன, அவையும் போய்விட்டன. அதனால்தான் நடக்கும்போதெல்லாம் கண் காலையே தேடியிருக்கிறது. “காலைப் பார்க்காதீங்க, நேரா பாருங்க, சத்தத்தைக் கேளுங்க” என்பார். போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து, ஒவ்வொரு ‘டிக்’குக்கும் ஓர் அடி. சின்னச் சின்ன அடிகள். வலது கால் ‘தொம்’ என்று விழும், இடது ‘தப்’ என்று ஒட்டி எழும். இரண்டும் ஒரே சத்தம் ஆகும்வரை தாழ்வாரத்தில் போய்வந்தேன். பின்னோக்கி நடப்பதும் மிக உதவியது, பழைய பழக்கம் அங்கே செல்லுபடியாகவில்லை. பலத்துக்குத் தாழ்ந்த படியிலிருந்து மெதுவாக இறங்கும் பயிற்சி, சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது.

இதே சமயத்தில் ஓர் எச்சரிக்கையும் கேட்டேன், யாருக்கு ஆபரேஷன் ஆனாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். வைத்த தசைநார் ஜவ்வாக மாறுவதற்கு முன் உள்ளே நலிந்து, புது ரத்தக் குழாய்கள் வளர்ந்து, மெல்லத்தான் தேறும். ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் வரை அது மிகப் பலவீனமாக இருக்கும் காலம். வலி இல்லாமல், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றுவதும் அப்போதுதான். ஈரத் தரையில் நான் ஒரு தடவை சறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அன்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் சமையலறைக்குள் போனேன். மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். “நீங்க வர்றதே கேக்கலையே” என்றாள். அதுவரை தாழ்வாரத்திலேயே என் நடை தெரிந்துவிடுமாம்.

இப்போது எட்டு மாதம். தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு கை அகலத்துக்கு மரத்தே இருக்கிறது. இடது தொடை இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் ஒல்லி. களைத்துப் போன மாலைகளில் படி இறங்கும்போது பழைய விறைப்பு எட்டிப் பார்க்கிறது, அப்போது நின்று, குதிகாலை முதலில் வைத்து மறுபடி தொடங்குகிறேன். ஒன்பது மாதம் முடிந்ததும் ஒற்றைக்கால் தாவலும் தொடை பலமும் அளப்பார்கள். வலது காலில் 90 சதவீதமாவது இடது கால் காட்டினால்தான் திரும்ப விளையாட அனுமதி. போன வாரம் வீட்டில் அளந்து பார்த்தேன், 84 வந்தது.