பில்டு அண்ணனும் பேஸ்64உம்

ஆபீஸில் நிரல்களைத் தொகுத்து மென்பொருளாக்கும் 'பில்டு' வேலையைப் பார்க்கும் எங்கள் பில்டு அண்ணனைப் பற்றி இங்கே புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜாவா நிரல்மொழியின் 8ஆம் பதிப்பிலேயே இந்த ஜென்மத்தைக் கழித்துவிடலாம் என்றிருந்தவரை, வாடிக்கையாளர் ஒருவர் ஒரே மின்னஞ்சலில் 17க்கு இழுத்து வந்துவிட்டார். வந்த வேகத்தில் பில்டு படுத்துவிட்டது. எந்தத் தரவையும் வெறும் எழுத்துகளாக்கித் தரும் (அதுதான் பேஸ்64) 'சன்.மிஸ்க்.பேஸ்64என்கோடர்' என்ற கிளாஸையே காணவில்லையாம்.

அது ஜேடிகே, அதாவது ஜாவாவின் கருவித்தொகுப்பு, தன் சொந்த உபயோகத்துக்காக உள்ளே வைத்திருந்த சரக்கு. அடுத்த வீட்டு அடுக்களைக்குள் நுழைந்து அஞ்சறைப்பெட்டியை எடுத்துப் பழகியவர், அவர்கள் அதை இடம் மாற்றியதும் சண்டைக்குப் போவதைப் போல, "சொல்லாமல் கொள்ளாமல் எப்படித் தூக்கலாம்?" என்று அண்ணன் அன்று முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தார்.

சொல்லாமலா தூக்கினார்கள்? "இது உள்வேலைக்கான ஏபிஐ (நிரல்கள் அழைக்கும் வசதி), வருங்காலப் பதிப்பில் நீக்கப்படலாம்" என்று நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் ஒவ்வொரு முறையும் கரடியாய்க் கத்தியது. மாற்று கிளாஸ் 2014இல் ஜாவா 8உடனேயே வந்தது; பழையதை நீக்கியது 2017இல், ஜாவா 9இல்தான். போதாக்குறைக்கு, ஜாவா 8உடன் வந்த ஜேடெப்ஸ் என்ற கருவி, நிரலை ஓட்டாமலேயே கிளாஸ் கோப்புகளை அலசி, யார் யார் உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று பட்டியலிட்டு, பதிலுக்கு எதைப் பயன்படுத்தலாம் என்பதையும் பக்கத்திலேயே காட்டும். இதற்கு மேல் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

கம்பைலரின் அந்த எச்சரிக்கை, எச்சரிக்கைகளை அடக்குவதற்கென்றே உள்ள 'சப்ரஸ்வார்னிங்ஸ்' குறிப்பைப் போட்டாலும் வாயை மூடாது. அண்ணனா விடுவார்? பில்டு ஸ்கிரிப்டில் வரிகளைச் சலித்தெடுக்கும் ஒரு 'கிரெப்' கட்டளை வரியைச் செருகி, அது யார் கண்ணிலும் படாதபடி வடிகட்டிவிட்டு, "கிளீன் பில்டு பார்த்தியா தம்பி" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

வேறு வழியின்றிப் புதிய கிளாஸுக்கு மாற்றினார். பழைய என்கோடர் 76 எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைக்கும். அப்படிச் சேமித்துவைத்ததைத் திருப்பிப் படிக்க வேண்டிய புதிய டிகோடர் ஏற்காமல், "பேஸ்64இல் செல்லாத எழுத்து ஏ" என்று பிழை காட்டியது. 'ஏ' எப்படிச் செல்லாமல் போகும் என்று பாதி ஆபீஸ் அவர் மேசையைச் சுற்றி நின்று விவாதித்தது. அது எழுத்தே அல்ல, வரிமுறிவின் குறியெண்ணான 10ஐப் பதினாறடிமானத்தில் எழுதியது என்று தெரிவதற்குள் கேன்டீனை மூடிவிட்டார்கள். வரிமுறிவுகளைக் கண்டுகொள்ளாத மைம் டிகோடரைப் போட்டதும் எல்லாம் அடங்கியது.

கையோடு அந்த 'கிரெப்' வரியையும் எடுக்கவைத்தேன். உடனே அதனடியில் இத்தனை காலம் ஒளிந்திருந்த இன்னோர் எச்சரிக்கை தலைகாட்டியது: 'சன்.மிஸ்க்.அன்சேஃப்' என்ற இன்னோர் உள்வேலைக் கிளாஸுக்கு, அதே வாசகம். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நீக்கப்படலாம்னுதானே தம்பி சொல்லுது, நீக்கிட்டோம்னு சொல்லலையே" என்றவர், இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த வரியை மறுபடி ஸ்கிரிப்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.