லைட் எரியுது, ஆனா ‘ஆமா’ போட மாட்டேங்குது

ஆடி மாசம்தான் எனக்குக் கையில் கொஞ்சம் காசு புரளுகிற மாசம். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் தார்சாவில் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், சடங்குப் பத்திரிகை, நினைவஞ்சலி என்று டைப் அடித்துக் கொடுக்கிறேன். அச்சடிப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், அம்பையில். பென்டிரைவில் போட்டுப் பாலம் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

கொடை நோட்டீஸில் சாமி படமும் குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை நேரமும் பத்து நிமிஷ வேலை. மீதியெல்லாம் பெயர்தான். வரி கொடுத்தவர்கள் பெயர், மும்பையிலிருந்து பணம் அனுப்பியவர் பெயர், வில்லுப்பாட்டுக் குழு, மேளம், மைக் செட்டு. ஒருவருக்கு இனிஷியல் மாறிப்போனால் கோயில் வாசலில் சண்டை. அதனால் யார் வந்தாலும் போன வருசத்து ஃபைலைத் திறந்து, தேதியை மாற்றி, கூடுதல் குறைச்சலைப் பார்த்துக் கொடுத்துவிடுவேன். அந்த ஃபைல்கள் மொத்தமும் உள்ளங்கை அகல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில்தான் இருக்கின்றன.

அன்றைக்குக் காலையில் அண்ணாச்சி ஒருத்தர் கையெழுத்துப் பட்டியலோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைசிச் செவ்வாய் கொடை. டிஸ்க்கைச் சொருகினேன். அதில் நீல லைட் எரிந்தது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. பிடுங்கிச் சொருகினேன். லைட் எரிந்தது, அவ்வளவுதான்.

“லைட்டு எரியுதுல்லா தங்கச்சி, பெறவு என்ன?” என்றார் அண்ணாச்சி.

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். லைட் எரிவது வேறு, பேசுவது வேறு. பழைய யுஎஸ்பி வயர் ஒன்றை நறுக்கிப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பி இருக்கும். சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் கரண்டுக்கு. வெள்ளையும் பச்சையும் பேச்சுக்கு. சொருகுகிற முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நான்கு தகடு தெரியும். ஓரத்து இரண்டும் நீளம், நடுவில் உள்ள இரண்டும் கொஞ்சம் குட்டை. முதலில் கரண்டு போய்ச் சேர்ந்த பிறகுதான் பேச்சு தொடங்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நடுத் தகடு இரண்டும் சரியாகப் படியாவிட்டாலும் லைட் பாட்டுக்கு எரியும்.

அண்ணாச்சிக்கு வில்லுப்பாட்டை வைத்துச் சொன்னேன். புலவர் வீசுகோலைத் தட்டி ஒரு வரி பாடி நிறுத்துகிறார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட்டால்தான் கதை நகரும். இங்கேயும் சொருகினவுடன் கம்ப்யூட்டர், “நீ யாரு, உனக்கு எவ்வளவு கரண்டு வேணும்?” என்று கேட்கும். டிஸ்க் பதில் சொல்ல வேண்டும். அது வாயைத் திறக்காவிட்டால் கதை அங்கேயே நிற்கும். “சரி, இது ஏன் வாயத் தெறக்க மாட்டேங்குது?” என்றார். அதுதானே கேள்வி.

இதில் காதுக்கு வேலை உண்டு. சொருகினவுடன் ‘டிடிங்’ சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். சத்தமே இல்லை, திரையில் எந்தச் செய்தியும் இல்லை என்றால், அந்தப் பக்கம் ஒரு ஆள் வந்து நிற்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் வயர்தான். சத்தம் வந்து, ‘யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று செய்தியும் வந்தால், ஆள் வந்தது தெரிந்துவிட்டது, பேச்சுதான் குழறுகிறது. இரண்டும் வேறு வேறு வியாதி.

எனக்குச் சத்தமே இல்லை. வயரைப் பார்த்தேன். அது டிஸ்க்கோடு வந்த வயரே இல்லை. இந்த மாதிரி டிஸ்க்கில் சொருகுகிற வாய் இரண்டு பகுதியாக, ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். அதில் பெரிய பகுதிக்குள் பழைய செல்போன் சார்ஜர் வயர் கச்சிதமாக நுழைந்துவிடும், அதுக்காகவே செய்தது மாதிரி. பையன் டிஸ்க் வயரை எங்கேயோ எடுத்துப் போட்டுவிட்டு, சார்ஜர் வயரைச் சொருகி வைத்திருக்கிறான். அதுவும் மலிவு விலையில் வாங்கிய வயர். அந்த மாதிரி சிலதில் வெள்ளை, பச்சைக் கம்பியே இருக்காது. சார்ஜ் ஏறும், பேச்சு கிடையாது. சந்தேகம் இருந்தால் அதே வயரில் செல்போனைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏறி, கம்ப்யூட்டரில் சத்தமே வராவிட்டால் அந்த வயரை நம்ப வேண்டாம்.

பையனை எழுப்பி, அவன் பையிலிருந்து சரியான வயரை வாங்கிச் சொருகினேன். இப்போது சத்தம் வந்தது. கூடவே அந்த ‘நாட் ரெகக்னைஸ்டு’ செய்தியும் வந்தது. எனக்குக் கோபத்துக்குப் பதில் சந்தோஷம். வியாதி மாறிவிட்டதே!

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணத்தோடு ‘அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்’, உள்ளே கோட் 43. நீ யார் என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். பையன் உடனே டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்றான். பொறுலே என்றேன். எடுத்தவுடன் சாஃப்ட்வேரைக் கிண்டினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று தெரியாமலே போய்விடும்.

நான் சொருகியிருந்தது கேபினெட்டின் முன்பக்க ஓட்டையில். குனிய வேண்டாமே என்று எல்லோரும் அங்கேதான் சொருகுவோம். பின்பக்க ஓட்டைகள், உள்ளே இருக்கிற பெரிய சர்க்யூட் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைத்தவை. முன்பக்கத்துக்கு உள்ளே ஒரு வயர் ஓடி, மதர்போர்டில் நிற்கிற ஒன்பது ஊசியில் போய்ச் சொருகியிருக்கும். தூசி, தளர்ச்சி, தேய்மானம் எல்லாம் அந்த வழியில்தான். கரண்டு கணக்கும் உண்டு. பழைய வகையான யுஎஸ்பி 2.0 ஓட்டைக்கு 500 மில்லிஆம்பியர் என்பது கணக்கு, அதற்குப் பின்னால் வந்த 3.0 ஓட்டைக்கு 900. உள்ளே தட்டு சுற்றுகிற டிஸ்க்குக்குக் கிளம்பும்போதுதான் கரண்டு அதிகம் வேண்டும். போதாவிட்டால் ‘டிக் டிக்’ என்று முனகிவிட்டு நின்றுவிடும். என் கம்ப்யூட்டரில் முன்பக்கம் இரண்டுமே 2.0. பின்னால் உள்நாக்கு நீலமாக இருக்கிற இரண்டும் 3.0.

மேசையை இழுத்து, முட்டி போட்டு, பின்பக்க நீல ஓட்டையில் சொருகினேன். டிடிங். இரண்டு விநாடியில் ஃபோல்டர்கள் வந்துவிட்டன. அண்ணாச்சி திரையைப் பார்த்து “ஆமா!” என்றார், பின்பாட்டுக்காரர் மாதிரியே.

நோட்டீஸை முடித்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் கரண்டு வயரைப் பிடுங்கி கேபினெட்டைத் திறந்தோம். ஆடிக்காற்று கொண்டுவந்த புழுதி ஒரு விரற்கடை, ஓரத்தில் பல்லி முட்டை ஓடு இரண்டு. ஊசியில் இருந்த இணைப்பை எடுத்துத் திரும்ப அழுத்திப் போட்டான் பையன். முன்பக்க ஓட்டை ஒன்று பிழைத்தது. இன்னொன்று பிழைக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்நாக்கில் நடுத் தகடு இரண்டும் தேய்ந்து உள்ளே அமுங்கியிருந்தன.

வேறு சில சங்கதிகளும் இதே வகையறாதான். நான் டைப் அடிக்கிற தமிழ் சாஃப்ட்வேருக்குக் கட்டைவிரல் அளவில் ஒரு டாங்கிள் உண்டு, யுஎஸ்பியில் சொருகுகிற சாவி மாதிரி. நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்வந்தால், அது கம்ப்யூட்டர் கண்ணிலிருந்து காணாமல் போயிருக்கும். கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று விண்டோஸ் அந்த ஓட்டையைத் தூங்கவைத்துவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் ‘யுஎஸ்பி ரூட் ஹப்’பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் இருக்கிற டிக்கை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அது தூங்கவில்லை.

ஒரு தடவை அச்சகத்துக்குப் போய்வந்த பென்டிரைவைச் சொருகினால், ‘ஃபார்மட் செய்தால்தான் திறக்கும்’ என்று கேட்டது. கேன்சல் கொடுத்துவிட்டு வேறு ஓட்டையில், அப்புறம் பையனுடைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். லேப்டாப்பில் திறந்தது. மூச்சு விடாமல் ஃபைல்களை எல்லாம் காப்பி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்தப் பென்டிரைவை ஃபார்மட் செய்தேன். அவசரத்தில் சரி என்று அமுக்கியிருந்தால் நான்கு ஊர்க் கொடை போயிருக்கும்.

டிஸ்க் வயரில் இப்போது சிவப்புக் கயிறு கட்டிவைத்திருக்கிறேன், பையன் தொட மாட்டான். பேச்சு போன அந்த முன்பக்க ஓட்டையைச் சும்மா விடவில்லை. கரண்டு மட்டும் இன்னும் வருகிறதே, அதில் ஒரு குட்டி ஃபேனைச் சொருகி வைத்தேன். மறுநாள் புரூஃப் பார்க்க வந்த அண்ணாச்சி நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வரிதாரர் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். அது யுஎஸ்பி தப்பு இல்லை, நான் விட்டது.